கடலோர வீட்டில் டோஸ்டர்

டோஸ்டர் வாங்கியவர்கள் முதலில் சொல்லும் குறை, "ஒரு பக்கம் கரி, மறு பக்கம் வெள்ளை". பெரும்பாலும் காரணம் வெட்டுத்தான். அச்சுப்பாணைச் சுடச்சுட வெட்டினால் துண்டு கோணலாகும். சாய்ந்து நின்று, கம்பிக்கு நெருங்கிய பக்கம் கருகும். ஆறவிட்டு, பல்லுக் கத்தியால் ஒரே தடிப்பில் வெட்டுங்கள். இரண்டாவது சுற்று கறுத்து வந்தால், உள்ளே ஏற்கெனவே சூடு நிற்கிறது. குமிழை ஒரு படி குறையுங்கள்.

கடலோர ஊரான நிலாவெளியில் உப்புக்காற்றுக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். ஸ்பிரிங் துருப்பிடித்தால் பிடி சரியாக மேலே எழாது. கடல் பார்த்த ஜன்னலோரம் வைக்காதீர்கள். நன்றாக ஆறியபின் துணியால் மூடுங்கள். அடித்தட்டில் சேரும் பாண் தூளை அடிக்கடி கொட்டினால் புகையும் வராது, எறும்பும் வராது.

கனடாவிலிருந்து உறவினர் அன்போடு கொண்டுவரும் டோஸ்டரை மட்டும் அப்படியே செருகிவிடாதீர்கள். அது 120 வோல்ட்டுக்குச் செய்தது, இங்கே கரண்ட் 230 வோல்ட். சூடு கிட்டத்தட்ட நான்கு மடங்காகும். கம்பி அறுந்துபோகும், தீயும் பிடிக்கலாம்.

பாண் உள்ளே சிக்கினால் சுவிட்சை அணைத்தது போதாது. பிளக்கைக் கழற்றி, ஆறவிட்டு, கவிழ்த்துத் தட்டுங்கள். கத்தியோ முள்ளுக்கரண்டியோ விடவே கூடாது.