இலைக்குள் ஒரு சிவசமுத்திரம்

பி.யூ.சி. படிக்கும் என் பேத்தி ஒரு நாள், "தாத்தா, இலை வெளிவிடும் ஆக்சிஜன் எதிலிருந்து வருகிறது?" என்று கேட்டாள். "கரியமில வாயுவிலிருந்துதான்" என்று அடித்துச் சொன்னேன். தவறு! அது தண்ணீரிலிருந்து வருகிறதாம். ரயில்வேயில் இஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு வெட்கமாகிவிட்டது. அதன் பிறகு படித்துத் தெரிந்துகொண்டதை நம் மாணவச் செல்வங்களுக்காக எழுதுகிறேன்.

இலையின் பசுங்கணிகத்துக்குள் மெல்லிய சவ்வுப் பைகள் அடுக்கடுக்காக உள்ளன. சவ்வில் பதிந்திருக்கும் புரதக் கூட்டமைப்புகளில் ஒன்றான 'ஒளித்தொகுதி இரண்டு'தான் தண்ணீரைப் பிளக்கிறது. வெயில் பட்டதும் அதிலுள்ள பச்சையம் எலக்ட்ரானை இழக்கிறது. இழந்ததை ஈடுகட்டத் தண்ணீரிலிருந்து எலக்ட்ரானைப் பறிப்பது ஒரு சின்னஞ்சிறு அணுக்கொத்து: நான்கு மாங்கனீசு, ஒரு கால்சியம், ஐந்து ஆக்சிஜன். வெந்நீர் ஊற்றில் வாழும் நுண்ணுயிரியிலிருந்து இக்கூட்டமைப்பைப் பிரித்துப் படிகமாக்கி, 2011இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் அந்தக் கொத்தைத் தெளிவாகக் காட்டினார்கள். செடிகளிலும் இதே கொத்துதான். இரண்டு தண்ணீர் மூலக்கூறுகள் உடைந்தால் ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு, நான்கு எலக்ட்ரான், நான்கு புரோட்டான்.

எலக்ட்ரான்கள் அடுத்தடுத்த கூட்டமைப்புகள் வழியாகச் சர்க்கரை தயாரிக்கும் வேலைக்குப் போகின்றன. போகிற வழியில் மேலும் புரோட்டான்கள் பைக்குள் இறைக்கப்படுகின்றன. பைக்குள் நெரிசல், வெளியே குறைவு. அணையில் நீர் தேங்கியது போலத்தான்.

தங்கவயல்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1902இல் சிவசமுத்திரத்தில் காவிரி விழுந்து டர்பைனைச் சுழற்ற, சுமார் 92 மைல் தாண்டி நம் சுரங்கங்களுக்கு மின்சாரம் வந்ததே! இலையிலும் ஒரு டர்பைன் இருக்கிறது. பெயர் ஏ.டி.பி. சிந்தேஸ். புரோட்டான்கள் அதன் வழியே வெளியேறும்போது, சவ்விலுள்ள புரத வளையம் நிஜமாகவே சுழல்கிறது. நடுத்தண்டும் கூடவே சுழன்று, மேலே அசையாமல் நிற்கும் தலைப்பகுதியில் ஏ.டி.பி. என்னும் சக்தி மூலக்கூறுகளை உருவாக்குகிறது. இது இயங்கும் விதத்தை விளக்கிய பாயரும் வாக்கரும் 1997இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள்.

பாலக் கீரையின் டர்பைனை 2018இல் ஜெர்மானியர்கள் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படமெடுத்தார்கள். வளையத்தில் 14 துண்டுகள். ஒரு சுற்றுக்கு 14 புரோட்டான். கிடைப்பது மூன்று ஏ.டி.பி. பதினான்கை மூன்றால் வகுத்தால் மீதி வருகிறதே? டிப்ளமோ பரீட்சையில் இப்படி ஒரு பல்சக்கரம் வரைந்திருந்தால் எனக்கு முட்டைதான் போட்டிருப்பார்கள். ஆனால் கீரையில் தலைப்பகுதியைப் பிடித்திருக்கும் பக்கத்தண்டு ஸ்பிரிங் போல வளைந்து கொடுக்கிறது. அந்த நெகிழ்வில் கணக்கு சரியாகிவிடுகிறது.