பிக்கப்பை மாற்றும் முன்

கேள்வி: குறைந்த விலை பேஸ் கிட்டார் வைத்திருக்கிறேன். கச்சேரி மேடையில் கொழகொழவென்று கேட்கிறது. பிக்கப் மாற்றலாமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். புதுக் கம்பி போடுங்கள். கழுத்து வளைவையும் கம்பி உயரத்தையும் கைதேர்ந்தவரிடம் சரிசெய்துகொள்ளுங்கள். பாதிக் குறை அங்கேயே தீரும். மோட்டவுன் இசை நிறுவனத்தின் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் தன் 1962 பிரிசிஷன் பேஸில் கம்பியை அறுந்தாலொழிய மாற்றமாட்டாராம். அந்த விரல்கள் நமக்கில்லையே! இரைச்சல் இருந்தால் உட்குழியில் செப்புத் தாள் ஒட்டி எர்த்துடன் இணையுங்கள்.

மேடையில் டிஐ பாக்ஸ் வழியாக மிக்சருக்குப் போங்கள். அடி 'இ' கம்பி 41 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே வெட்டிவிடச் சொல்லுங்கள். 250 ஹெர்ட்ஸ் பக்கம் சற்றுக் குறைத்து, 800 பக்கம் கொஞ்சம் ஏற்றுங்கள். தனியாக வாசித்தால் மூக்கால் பாடுவதுபோல் இருக்கும். பயப்படாதீர்கள், டிரம்ஸோடு சேர்த்துக் கேளுங்கள்.