இன்ஜினையே மாத்தலாமா, சூப்பர்சார்ஜர் போடலாமா? 2.5 லட்சம் கடன் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு

போன மாசம் வேங்கிக்கால்ல இருக்கிற நம்ம ஆபீசுக்கு ஒரு தம்பி வந்தார். பெங்களூருல வேலை, கையில வர்ற சம்பளம் 48,000. வெள்ளிக்கிழமை ராத்திரி கிளம்பி ஊத்தங்கரை, செங்கம் வழியா ஊருக்கு வருவார். ஆறு வருஷ பழைய 1.2 லிட்டர் பெட்ரோல் கார். அதுக்கே இன்னும் ரெண்டு வருஷம் இஎம்ஐ பாக்கி இருக்கு. "அண்ணா, லாரியை ஓவர்டேக் பண்ண வண்டி இழுக்கவே மாட்டேங்குது. பெரிய இன்ஜின் மாத்தினா 2.4 லட்சம், சூப்பர்சார்ஜர் போட்டா 2.5 லட்சம்னு கேரேஜ்ல சொல்றாங்க. பர்சனல் லோன் எடுத்துடவா?" என்றார்.

முதல்ல கடன் கணக்கு. 2.5 லட்சம், 14 சதவீதம், மூணு வருஷம்னா இஎம்ஐ சுமார் 8,540 ரூபாய். வட்டி மட்டும் 57,000-க்கு மேல. ஆனா கேரேஜ் கொடுத்த கொட்டேஷன்ல எல்லாச் செலவும் வராது.

சூப்பர்சார்ஜர் இன்ஜினோட சுழற்சியிலிருந்தே பெல்ட் மூலமா சக்தி எடுத்து, காத்தை அழுத்தி உள்ளே தள்ளுது. டர்போ அதே வேலையைப் புகைக் காத்தை வச்சு செய்யும். அதிகக் காத்து போனா அதிகப் பெட்ரோல் போகணும், அதனால இன்ஜெக்டரும் இசியு செட்டிங்கும் மாறணும். உள்ளே அழுத்தமும் சூடும் ஏறும். அதைத் தாங்குற மாதிரி செய்யாத பிஸ்டன், கனெக்டிங் ராடு, கிளட்ச் எல்லாம் வரிசையா கையை விரிக்கும். நிசான் மேக்னைட்டைப் பாருங்க. ரெண்டுமே 999 சிசி தான்; சாதா இன்ஜின் 72 பிஎஸ், டர்போ 100 பிஎஸ். ஆனா கம்பெனி சாதா இன்ஜின் மேல டர்போவை மாட்டி விக்கலை. டர்போவுக்குத் தனியா வேற இன்ஜினே வச்சிருக்காங்க. கம்பெனியே துணியாத வேலையை நாம ஒரு லோன்ல செய்யப் பாக்குறோம்.

இன்ஜின் மாத்துறதுல அந்தப் பயம் குறைவு. ஆனா மவுண்ட், கியர்பாக்ஸ், வயரிங், ரேடியேட்டர், பிரேக் எல்லாமே பில்லுல ஒண்ணொண்ணா சேரும். பழைய இன்ஜின் எந்த வண்டியிலிருந்து வந்ததுன்னு பேப்பர் இல்லாம வாங்கினா, அது திருட்டு வண்டியோட இன்ஜினா கூட இருக்கலாம்.

இப்போ சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாது. கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செஞ்சது. மாநில விதி எதுவும் இந்தப் பிரிவை மீற முடியாதுன்னும் சொல்லிடுச்சு. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவுப்படி, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாசம் வரை சிறை, அல்லது ரெண்டும். தேய்ஞ்சுபோன இன்ஜினுக்குப் பதிலா அதே கம்பெனி, அதே வகை இன்ஜின் போடுறது வேற விஷயம். ஆர்டிஓ அனுமதி வாங்கி, புது இன்ஜின் நம்பரை ஆர்சியில் ஏத்திக்கலாம். சிஎன்ஜி கிட்டுக்கும் தனி வழி இருக்கு. பவருக்காகப் பெரிய இன்ஜின்னா அந்த வழி கிடையாது.

"சூப்பர்சார்ஜர்ல இன்ஜின் நம்பர் மாறாதே, யாருக்குண்ணா தெரியும்?" என்று தம்பி கேட்டார். விபத்து நடந்தா, பானெட்டைத் திறக்கிற முதல் ஆள் இன்சூரன்ஸ் சர்வேயர். மாற்றத்தைச் சொல்லாம விட்டிருந்தா, சொந்த டேமேஜ் கிளெய்மை மறுக்க அதுவே போதும். அடிபட்டவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பணம் கொடுத்துட்டு, அப்புறம் உங்ககிட்ட வசூல் பண்ணிக்கச் சொல்லிக் கோர்ட் உத்தரவு போடுற வழக்குகளும் உண்டு. என்னைப் பொறுத்தவரை இதுதான் உண்மையான செலவு. 2.5 லட்சத்துக்கு ஒரு எல்லை இருக்கு. இதுக்கு எல்லையே கிடையாது. அந்தக் கார்ல அப்பா அம்மாவும் உக்காந்து வர்றாங்க.

ஒருவேளை சொல்லிட்டே செஞ்சாலும் போட்ட பணம் திரும்ப வராது. ஐடிவி-யை கம்பெனி விலையை வச்சுத்தான் போடுவாங்க: நாலு வருஷம் தாண்டினா 50 சதவீதம் கழிவு, அஞ்சு வருஷத்துக்கு மேல ரெண்டு பக்கமும் பேசி முடிவு பண்றது. உங்க 2.5 லட்சம் அதுல தானா ஏறாது. விக்கப் போனா, ஆர்சி இன்ஜின் நம்பரும் வண்டியில் இருக்கிற நம்பரும் ஒத்துப்போகலைன்னு வாங்குறவர் திரும்பிப் போயிடுவார். பேங்க் கடன் ஓடிட்டிருக்கிற வண்டின்னா இன்னொண்ணும் பாருங்க: பேங்க் எழுத்துல சம்மதிக்காம வண்டியை மாத்தக் கூடாதுன்னு பெரும்பாலான கடன் ஒப்பந்தத்தில் இருக்கும். (80சி-ல வருமான்னு கமெண்ட்ல கேக்காதீங்க, வராது.)

அப்போ என்ன வழி? கம்பெனியே டர்போ போட்ட செகண்ட் ஹேண்ட் கார். ஹூண்டாய் ஐ20 எடுத்துக்கோங்க. 1.2 பெட்ரோல் 83 பிஎஸ், 2021-ல் வந்த என் லைன் டர்போ 120 பிஎஸ். தம்பி விசாரிச்சதுல அவர் கார் 4 லட்சத்துக்குப் போகுது, பழைய டர்போ கார் ஒண்ணு 6.5 லட்சம். வித்தியாசம் அதே 2.5 லட்சம்தான். ஆனா இதுல பிரேக்கும் இன்ஜினும் கம்பெனி சேர்த்து டிசைன் பண்ணது, இன்சூரன்ஸ் முழுசா செல்லும், நாளைக்கு வித்தா ஒரு விலை கிடைக்கும். பழைய காரை விக்கிற காசுல முதல்ல பாக்கிக் கடனை அடைக்கணும். பேங்க்ல என்ஓசி-யும் படிவம் 35-ம் வாங்கி ஆர்சியில் ஹைபாதிகேஷனை நீக்கணும், அப்புறம்தான் படிவம் 29, 30. ஆக, கடனை அடைச்சது போக கையில நிக்கிற தொகையை வச்சுத்தான் அவரோட உண்மையான பட்ஜெட். அதைப் பாத்தா இந்த வருஷம் அவரால முடியாதுன்னு தெரிஞ்சுது. நானும் அதையே சொன்னேன். முகம் வாடிப்போச்சு.

போகும்போது ஒண்ணு கேட்டேன், "கடைசியா கிளட்ச் எப்போ பாத்தீங்க?" வண்டி 90,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு, ஒரு தடவை கூட மாத்தலையாம். ஸ்பார்க் பிளக்கும் ஏர் ஃபில்டரும் எப்போ மாத்தினார்னு அவருக்கே ஞாபகம் இல்லை. போன பௌர்ணமிக்கு ஊருக்கு வந்தப்போ மூணையும் மாத்திட்டார். எல்லாம் சேர்த்து பில்லு ஒரு மாச இஎம்ஐ-யை விடக் கொஞ்சம்தான் அதிகம். செங்கம் ரோட்டுல இப்போ பரவாயில்லையாம், டர்போ ஆசை மட்டும் இன்னும் போகலையாம். கார் கடன் முடியிற வரைக்கும் மாசம் 8,500 தனியா ஆர்டியில் போடச் சொல்லியிருக்கேன். ரெண்டு வருஷத்துல வட்டி இல்லாமலே 2,04,000 சேர்ந்திருக்கும்.