தேடிய எண் சிக்கவில்லையா?

அலுவலக அழைப்புப் பதிவில் ஓர் எண்ணைத் தேடி 'இல்லை' என்று வந்தால் உடனே நம்பிவிடாதீர்கள். ஒரே கைபேசி எண் +91 சேர்ந்தும், முன்னால் 0 ஒட்டியும் பதிவாகியிருக்கலாம். கடைசி 10 இலக்கங்களை மட்டும் இடைவெளியின்றித் தட்டுங்கள், பெரும்பாலும் அகப்பட்டுவிடும்.

நேரம் ஐந்தரை மணி பின்தங்கித் தெரிகிறதா? அப்படியானால் பதிவு மென்பொருள் யுடிசி (உலகப் பொது நேரம்) கணக்கில் ஓடுகிறது. இந்திய நேரத்துக்கு மாற்றாவிட்டால் விடிகாலை அழைப்புகள் முந்தைய தேதிக்குப் போய்விடும்.

ஆஸ்டெரிஸ்க் என்னும் தொலைபேசி மென்பொருளின் பதிவுகளில் 'டியூரேஷன்' மணியடித்த நேரத்தையும் சேர்த்தது. பேசிய நேரத்துக்கு 'பில்செக்' பத்தியைப் பாருங்கள். தவறவிட்ட வாடிக்கையாளர்களைத் தேட 'நோ ஆன்சர்' வடிகட்டி மட்டும் போதாது. தானியங்கிக் குரல் எடுத்த அழைப்பும் 'ஆன்சர்டு' கணக்கில் சேர்ந்துவிடும். ஆகவே பில்செக் 20 நொடிக்குக் குறைந்தவற்றையும் வடிகட்டி எடுத்து, அந்த வாடிக்கையாளர்களைத் திரும்ப அழையுங்கள்.