‘டச் செத்த பீஸ்’ என்றொரு புரளி

“டச் மானிட்டரை ஆன்லைன்ல மட்டும் வாங்கிடாதீங்க. டச் செத்துப்போன பீஸைத்தான் பேக் பண்ணி அனுப்புறாங்க.” மளிகைக் கடைக்காரர்களின் வாட்ஸப் குழு, டியூஷன் ஆசிரியர்கள் வட்டம், மெடிக்கல் ஷாப் கவுன்டர் என்று எங்கே நின்றாலும் இந்தப் பேச்சுதான் காதில் விழுகிறது. ஆதாரம் கேட்டால் எல்லோரிடமும் ஒரே கதை. பெட்டி வந்தது, பிரித்தோம், படம் பளிச்சென்று வந்தது, தொட்டால் ஒன்றும் அசையவில்லை. படம் வந்தும் டச் வரவில்லை என்றால் அது டச் போன பீஸ்தானே?

இல்லை. படம் வருவது வேறு, டச் வேலை செய்வது வேறு. ஒரே சட்டத்துக்குள் உட்கார்ந்திருக்கும் இரண்டு தனிக் கருவிகள் அவை. ஹெச்டிஎம்ஐ கேபிள் படத்தையும் ஒலியையும் சிபியுவிலிருந்து மானிட்டருக்குக் கொண்டுவரும். உங்கள் விரல் எந்த இடத்தில் பட்டது என்று சிபியுவுக்குப் போய்ச் சொல்வது அதன் வேலை அல்ல. பழைய விஜிஏ கேபிளும் அப்படித்தான். மானிட்டருக்குள் இருக்கும் டச் கன்ட்ரோலர், கீபோர்டையும் மவுஸையும் போலவே, யூஎஸ்பி வழியாகத்தான் கம்ப்யூட்டரோடு பேசும். அதற்குத் தனியாக ஒரு கேபிள் போட வேண்டும். போட்டீர்களா?

சர்வீஸ் மேஜையில் உட்கார்ந்து இதைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. “எல்லாம் குத்தியாச்சு சார், படம் சூப்பரா வருது” என்பார்கள். “சதுரமா ஒரு முனை இருக்குமே, அந்தக் கேபிள்?” என்று கேட்டால், “அது பிரிண்டர் கேபிள்னு எடுத்து வெச்சுட்டேனே சார்” என்று பதில் வரும். மானிட்டர் பெட்டிக்குள் பிரிண்டர் கேபிளை எந்தக் கம்பெனி சும்மா போட்டுக் கொடுக்கும்? சாமான் லிஸ்ட்டை எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கடைக்காரர் இன்னும் சாமான் கட்டவில்லையே என்று கோபப்படுகிற மாதிரி இருக்கிறது இது.

சதுர முனை மானிட்டரில், தட்டை முனை சிபியுவில். அவ்வளவுதான். மானிட்டரின் பக்கவாட்டில் தட்டையான யூஎஸ்பி துளைகள் இருந்தால் அவை பென்டிரைவ், மவுஸ் போன்றவற்றுக்கானவை. டச்சுக்கான கேபிளை அங்கே தேடாதீர்கள்.

டைப்-சி வைத்த புது மாடல்களில் ஒரே கேபிளில் படம், டச், மின்சாரம் மூன்றும் போகும் என்பது உண்மை. ஆனால் அந்தக் கேபிள் செல்போன் சார்ஜர் கேபிள் அல்ல. சார்ஜருடன் வரும் கேபிள்களில் பெரும்பாலானவை மின்சாரத்தையும் கொஞ்சம் டேட்டாவையும் கடத்தும், படத்தைக் கடத்தாது. சில லேப்டாப்களில் டைப்-சி துளை இருந்தாலும் அதன் வழியே படம் வெளியே வராது. அப்போது என்ன செய்கிறார்கள்? லேப்டாப்பில் ஹெச்டிஎம்ஐ வழியே படத்தை வரவழைத்துவிட்டு, டச் போச்சு என்று ஒரே ஒரு ஸ்டார் கொடுக்கிறார்கள்.

ஹோட்டல்காரர்களிடம் இதே புரளிக்கு இன்னொரு வடிவம் உண்டு. கிச்சனில் ஆர்டர் பார்க்கும் டச் மானிட்டரைச் சுவரில் மாட்டி, கல்லாவில் இருக்கும் சிபியுவிலிருந்து பத்து மீட்டர் ஹெச்டிஎம்ஐ இழுப்பார்கள். அது ஓடும். கூடவே இரண்டு யூஎஸ்பி எக்ஸ்டென்ஷனை ஒட்டுப்போட்டு இழுப்பார்கள். அது ஒரு நாள் ஓடும், ஒரு நாள் ஓடாது. யூஎஸ்பி 2.0 கேபிளுக்கு எல்லை 5 மீட்டர். அதைத் தாண்டினால் நடுவில் சிக்னலைத் தூக்கிவிடும் ஆக்டிவ் கேபிள் வேண்டும். அதற்குக் கொஞ்சம் செலவாகும். அந்தச் செலவை மிச்சம் பிடித்துவிட்டு மானிட்டரைத் திட்டுவதில் அர்த்தமில்லை.

கேபிள் சரி, ஆனாலும் இடது மானிட்டரைத் தொட்டால் வலது மானிட்டரில் கர்சர் ஓடுகிறது என்பார்கள். இதற்கும் “பீஸ் ஃபால்ட்” என்று தீர்ப்பு எழுதியாகிவிடும். இரண்டு மானிட்டர் மாட்டினால் எது டச் மானிட்டர் என்று விண்டோஸுக்குச் சில சமயம் தெரியாது, சொல்லித்தர வேண்டும். கன்ட்ரோல் பேனலில் டேப்லெட் பிசி செட்டிங்ஸ், அதில் செட்டப். வெள்ளைத் திரை வந்து தொடச் சொல்லும். டச் உள்ள திரையில் அந்த வாசகம் வந்தால் தொடுங்கள். வேறு திரையில் வந்தால் என்டர் தட்டி அடுத்ததற்குப் போங்கள். கம்ப்யூட்டருக்கு டச் தெரிகிறதா என்பதையே பார்க்க வேண்டுமா? செட்டிங்ஸில் சிஸ்டம், அபவுட் பக்கத்தில் ‘பென் அண்ட் டச்’ என்ற வரியைப் படியுங்கள். பத்து டச் பாயின்ட் என்று போட்டிருந்தால் டச் கன்ட்ரோலர் கம்ப்யூட்டருக்குத் தெரிகிறது.

ஆப்பிள் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மேக் ஓஎஸ்ஸில் டச் மானிட்டருக்கென்று சொந்த ஏற்பாடு கிடையாது. மானிட்டர் கம்பெனி மேக்குக்கான டிரைவர் தருகிறதா என்று வாங்கும் முன் பாருங்கள். இன்னும் விண்டோஸ் 7 ஹோம் பேசிக்கில் பில் போடும் கடைகள் உண்டு. விண்டோஸில் மல்டி டச் வந்ததே 2009-ல் வெளியான விண்டோஸ் 7-ல்தான், அதுவும் ஹோம் பேசிக்கில் அது கிடையாது. பழைய கம்ப்யூட்டரோடு புது மானிட்டரைச் சேர்த்து வைத்துவிட்டு, பழியை மட்டும் மானிட்டர் மேல் போடுகிறோம்.

இனி அந்தப் பீஸ் திரும்பிப் போன பிறகு நடப்பதைச் சொல்கிறேன். சர்வீஸ் ஆள் இரண்டு கேபிளையும் போடுகிறார், டச் ஓடுகிறது, ‘கோளாறு இல்லை’ என்று எழுதுகிறார். பிரித்த பெட்டியைப் புதுசு என்று விற்கக் கூடாது. அதனால் ஓப்பன் பாக்ஸ், ரீஃபர்பிஷ்டு என்று வேறு பெயரில் வேறு விலைக்கு அது மீண்டும் சந்தைக்கு வருகிறது. நாணயமில்லாத விற்பனையாளர் கையில் சிக்கினால் புதுசு என்றே வரும். ஆக, ரிட்டர்ன் பீஸ் வந்துவிடுமோ என்ற பயம்தான் ரிட்டர்ன் பீஸ்களை உற்பத்தி செய்துகொண்டிருக்கிறது. புரளியைப் பரப்புகிறவர்களே அதற்குச் சரக்கும் சப்ளை செய்கிறார்கள்.

கம்பெனிகளும் யோக்கியமில்லை. உள்ளங்கை அகலத் தாளில், எறும்பு சைஸ் எழுத்தில், பன்னிரண்டு மொழிகளில் வழிமுறை அச்சடிப்பார்கள், தமிழ் இருக்காது. கஸ்டமர் கேரைக் கூப்பிட்டால் “ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க சார்” என்பதைத் தவிர வேறு வேதம் தெரியாது. ‘இந்தக் கேபிள் இல்லாமல் டச் வேலை செய்யாது’ என்று அந்தக் கேபிளிலேயே ஒரு சீட்டு கட்டிவிட்டால் பாதித் தலைவலி தீரும். செய்ய மாட்டார்கள்.

மற்ற நம்பிக்கைகளைச் சீக்கிரம் முடித்துவிடுவோம். அழுத்தித் தொட்டால்தான் வேலை செய்யும்: ரெசிஸ்டிவ் வகைக் கண்ணாடிக்கு அது சரி, இப்போது பரவலாக வருவது கெபாசிடிவ் வகை, அதற்கு விரல் பட்டால் போதும், குத்தினால் உங்கள் நகம்தான் தேயும். அன்பாக்சிங் வீடியோ எடுக்காவிட்டால் ரிட்டர்ன் கிடையாது: அப்படி எந்தச் சட்டமும் சொல்லவில்லை, ஆனால் கண்ணாடி உடைந்தே வந்திருந்தால் அந்த வீடியோ உங்களுக்குக் கைகொடுக்கும், எடுத்து வையுங்கள். வாரண்டி இருந்தால் கீழே விழுந்து உடைந்தாலும் மாற்றித் தருவார்கள்: பொதுவாகத் தரமாட்டார்கள். திரையைத் துடைக்க ஸ்பிரேயை நேராக அடிக்கலாம்: அடித்தால் ஓரம் வழியாக நீர் உள்ளே இறங்கும், துணியில் நனைத்துத் துடையுங்கள். ஒரு புள்ளி எரியாவிட்டாலும் வாரண்டியில் மாற்ற வேண்டும்: முழு ஹெச்டி திரையில் 20 லட்சத்துக்கும் மேல் புள்ளிகள் உண்டு, இத்தனை வரை பொறுத்துக்கொள்ளலாம் என்று ஐஎஸ்ஓ தரக்குறிப்பே இருக்கிறது, கம்பெனிகள் அதைத்தான் காட்டும். அதனால் ரிட்டர்ன் நாட்கள் முடிவதற்குள் வெள்ளைத் திரை, கறுப்புத் திரை இரண்டையும் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

‘விற்ற பொருள் திருப்பி எடுக்கப்பட மாட்டாது’ என்று பில்லில் அச்சடித்துவிட்டால் கதை முடிந்தது என்று நினைக்கிறவர்களுக்கு மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. பழுதான பொருளைத் திருப்பி எடுத்துப் பணத்தைத் தர மறுப்பது அதன்படி முறையற்ற வணிகம். பில்லில் கெடு போட்டிருந்தால் அந்தக் கெடுவுக்குள், போடாவிட்டால் 30 நாட்களுக்குள் கேட்கலாம். பழுதான பொருள் என்பதைக் கவனியுங்கள். மனசு மாறியதற்கு இது பொருந்தாது. “நான் கடைக்கு வாங்கினேன், அதனால் நுகர்வோர் இல்லை” என்று பயப்படும் சிறு வியாபாரிகளும் உண்டு. சுயதொழிலில் பிழைப்புக்காகவே வாங்கிப் பயன்படுத்தும் பொருளை அந்தச் சட்டம் வணிக நோக்கம் என்று ஒதுக்கவில்லை. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் பேசுங்கள், தமிழிலேயே பேசலாம்.

கடைசியாக, “யாருமே தொடலை, தானா கிளிக் ஆகுது, ஹேக் பண்ணிட்டாங்க” என்ற பீதி. ஹேக்கருக்கு உங்கள் அரிசிக் கடை பில்லில் என்ன வேலை? பள்ளிகளில் மாட்டும் பெரிய பேனல்கள் பலவற்றில் ஓரச் சட்டத்திலிருந்து அகச்சிவப்பு ஒளி குறுக்கே ஓடுகிறது. அங்கே சாக்பீஸ் தூள் சேர்ந்தாலோ, ஒரு சிலந்தி வலை கட்டினாலோ அதுவே ஒரு விரல்தான். இது இன்று நேற்று வந்த வியாதி அல்ல. 1983-ல் ஹியூலட் பேக்கர்ட் வெளியிட்ட ஹெச்பி-150 டச் கம்ப்யூட்டரிலேயே ஓரத் துளைகளில் தூசி அடைத்துத் தொல்லை கொடுத்தது. தூசியை உறிஞ்சி எடுத்தால் தீர்ந்தது.

கெபாசிடிவ் கண்ணாடியில் தானாக டச் ஆனால் ஈரம், மட்டமான ஒட்டுக்கண்ணாடி இரண்டையும் பார்த்துவிட்டு, நேராகப் பிளக்கைப் பாருங்கள். நம் கடைகளில் மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை உடைத்துவிட்டு இரண்டு துளை ஜங்ஷன் பாக்ஸில் குத்துவது ஒரு கலை. எர்த் இல்லாத சிபியுவின் இரும்புப் பெட்டியைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கும். பவர் சப்ளைக்குள் இரைச்சலை வடிகட்டும் கெபாசிட்டர்கள் எர்த்தை நம்பித்தான் போடப்படுகின்றன; எர்த் இல்லாதபோது 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி அந்தப் பெட்டியில் மிதக்கும். இந்தக் கசிவில் கரண்ட் மிகக் குறைவு என்பதால் அது மட்டும் ஆளைக் கொல்லாது. ஆனால் விரலின் மிக நுண்ணிய மாற்றத்தை அளக்கும் கண்ணாடி அந்த இரைச்சலில் தடுமாறும். சோதனை எளிது. மானிட்டரை ஒரு லேப்டாப்பில் மாட்டி, லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள். பேய் ஓடிவிட்டால் குற்றவாளி உங்கள் வயரிங்.

இதைச் சொன்னால் “எர்த்துக்கு வீட்டு ஓனரைக் கேட்கணும் சார்” என்று தலையைச் சொறிவார்கள். கேளுங்கள். எர்த் பின் மற்ற இரண்டைவிட நீளமாக இருப்பது அழகுக்கு அல்ல. மின்சாரம் தொடும் முன் எர்த் தொட வேண்டும் என்பதற்கு. அதை உடைக்கும் கை, மானிட்டரை மட்டுமல்ல, கவுன்டரில் நிற்கும் பையனின் உயிரையும் பணயம் வைக்கிறது. இந்த வாரமே ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் இருக்கிறதா என்று அளக்கச் சொல்லுங்கள். கரண்ட் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றும் மாட்டச் சொல்லுங்கள்.