வாசற்கதவால் நுழையும் குளிர்

ரொறன்ரோவில் வெப்பநிலை சைபருக்குக் கீழே 15, 20 பாகைக்கு இறங்கும் இரவுகளில், வாசற்கதவுக்குப் பக்கத்தில் சப்பாத்தைக் கழற்றும் நேரத்துக்குள் கால் விறைத்துவிடும். கதவை மாற்றத்தான் வேண்டும் என்று பலர் முடிவுகட்டுவதும் அப்போதுதான். புதுக் கதவுக்கு விலை கேட்டால் ஆயிரக்கணக்கில் சொல்வார்கள். கொஞ்சம் பொறுங்கள். இங்குள்ள இரும்புத்தகட்டுக் கதவுகளுக்குள் நுரை நிரப்பியிருக்கும். பலகைக்குள்ளால் காற்று வராது. அது வருவதெல்லாம் கதவைச் சுற்றியுள்ள இடைவெளிகளால். பெரும்பாலான வீடுகளில் அவற்றை ஒரே பகலில், நூறு டொலருக்கும் குறைந்த சாமான்களோடு அடைத்துவிடலாம்.

கடைக்குப் போக முதல் காற்று எங்கே நுழைகிறதென்று கண்டுபிடியுங்கள். காற்றடிக்கும் ஒரு குளிர்நாளில் எல்லா ஜன்னல்களையும் மூடி, ஃபர்னஸையும் காஸ் தண்ணீர்ச் சூடாக்கியையும் நிறுத்தி, குசினியிலும் குளியலறையிலும் உள்ள காற்று வெளியேற்றும் விசிறிகளைப் போடுங்கள். விசிறிகள் உள்ளே இருக்கும் காற்றை வெளியே தள்ள, வெளிக்காற்று கிடைத்த ஓட்டைகளாலெல்லாம் உள்ளே வரும். ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி, கதவு நிலையை ஒட்டி மேலிருந்து கீழாக மெதுவாகக் கொண்டுபோங்கள். திரைச்சீலை இருந்தால் முதலில் அதை விலக்கிவிடுங்கள். புகை நேராக எழும் இடத்தில் குறையில்லை. வளைந்து வீட்டுக்குள் ஓடும் இடத்தில் பென்சிலால் அடையாளம் போடுங்கள். அதன்பின் ஒரு துண்டுக் கடதாசியைக் கதவுக்கும் நிலைக்கும் இடையில் வைத்துக் கதவைப் பூட்டி இழுத்துப் பாருங்கள். இறுக்கிப் பிடித்தால் நல்லது. சும்மா வழுகி வந்தால் அங்கே றப்பர் தொடவில்லை. காசுத்தாளை வைத்துப் பார்க்கும்படி பழைய கைநூல்கள் சொல்லும். 2011 முதல் வெளியான கனடாத் தாள்கள் பொலிமரால் ஆனவை, எப்படியும் வழுகும். கடதாசியே போதும்.

அடுத்து எல்லாரும் றப்பர் வாங்க ஓடுவார்கள். அதற்கு முன்னர் பிணைச்சல்களைப் பாருங்கள். கதவைச் சற்றுத் திறந்து, கைப்பிடியைப் பிடித்து மேலே தூக்குங்கள். ஆடினால் மேல் பிணைச்சலின் திருகாணிகள் தளர்ந்துவிட்டன. கதவின் பாரத்தில் பெரும்பங்கு அங்கேதான் தொங்குவதால், காலப்போக்கில் கதவு பூட்டுப் பக்கமாகச் சரியும். மேல் மூலையில் ஒரு பக்கம் உரசி, மறுபக்கம் வெளிச்சம் தெரிவது இதனால்தான். மேல் பிணைச்சலில் நிலைக்குள் போகும் குட்டைத் திருகாணி ஒன்றைக் கழற்றி, அதே துளையில் 3 அங்குலத் திருகாணியைப் போடுங்கள். நிலையைக் கடந்து சுவரின் மரச்சட்டத்தைப் பிடித்ததும் அது கதவை மேலே இழுத்து நிமிர்த்தும். கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, கதவைச் சாத்திச் சாத்திப் பாருங்கள். அளவுக்கு மீறி இறுக்கினால் நிலை வளையும். சரிந்த கதவுக்கு எவ்வளவு நல்ல றப்பர் போட்டாலும் அடுத்த குளிருக்கு நிற்காது. அதனால்தான் இந்த வேலையை முதலில் சொல்கிறேன்.

பூட்டிய பிறகும் கதவு முன்னும் பின்னும் ஆடுகிறதா? நிலையில் பூட்டு நாக்கு போய் விழும் தகட்டைக் கழற்றி, கதவு வந்து முட்டும் பக்கமாகச் சற்று நகர்த்தி மாட்டுங்கள். கதவு றப்பரை அழுத்திக்கொண்டு நிற்கும்.

இனி றப்பர் பட்டி. வெதர்ஸ்றிப் என்று கேட்டால் கடையில் பலவிதம் காட்டுவார்கள். புதிய வீடுகளில் நிலையில் ஒரு மெல்லிய வெட்டு ஓடும். பட்டியின் வால் அதற்குள் செருகியிருக்கும். பசையோ ஆணியோ தேவையில்லை. பழையதை இழுத்து எடுத்து, ஒரு துண்டை வெட்டிக் கடைக்குக் கொண்டுபோய், அதே தடிப்பில் வாங்கிச் செருகுங்கள். வெட்டு இல்லாத பழைய மரநிலைகளுக்கு, ஆணியோ திருகாணியோ அடித்துப் பொருத்தும் பட்டிதான் சரி. ஒட்டும் நுரை ரேப் மலிவு. ஆனால் தினமும் பலமுறை திறந்து மூடும் வாசலில் சீக்கிரம் நசிந்துவிடும். குளிர்ந்த நிலையில் அது ஒட்டவும் மாட்டாது. ஒட்டு வேலைகளை ஒக்டோபருக்குள் முடித்துவிடுவது நல்லது.

கீழ் மூலைகள் இரண்டையும் குனிந்து பாருங்கள். பக்கப் பட்டியும் கீழ்ப்படியும் சந்திக்கும் இடத்தில் சிறிய ஆப்பு வடிவ நுரைத்துண்டு ஒன்று ஒட்டியிருக்க வேண்டும். பல வீடுகளில் அது எப்போதோ விழுந்துபோயிருக்கும். ஊதுபத்திப் புகை அதிகம் வளைவது இந்த மூலையில்தான். சில டொலருக்குள் ஒரு சோடி வாங்கலாம்.

கதவின் அடிக்கு வருவோம். படியின் மேற்பட்டையில் வரிசையாக நாலைந்து திருகாணித் தலைகள் தெரிந்தால், அந்தப் படியை உயர்த்தலாம், தாழ்த்தலாம். மணிக்கூட்டுக்கு எதிர்ப்புறமாகக் கால் சுற்றுத் திருப்பினால் பட்டை எழும். கடதாசி சற்றுச் சிரமப்பட்டு வெளியே வரும் அளவு போதும். அதற்கு மேல் உயர்த்தினால் கதவின் அடிறப்பர் கிழியும். அந்த றப்பர் ஏற்கெனவே கிழிந்திருந்தால் பிணைச்சல் ஊசிகளைக் கழற்றிக் கதவை இறக்கித்தான் மாற்ற வேண்டும். கதவு பாரமானது, ஒருவர் தனியாகத் தூக்கக் கூடாது. இறக்க வசதியில்லாவிட்டால் கதவின் உட்பக்கத்தில் திருகிப் பொருத்தும் அடிப்பட்டி கிடைக்கிறது.

புகை கதவோரத்தில் வளையாமல், நிலையைச் சுற்றியுள்ள அலங்காரச் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் வளைந்தால், நிலைக்குப் பின்னால் இடைவெளி இருக்கிறது. சட்டத்தைக் கழற்றி, ஜன்னல், கதவுகளுக்கென்று எழுதிய, குறைவாக ஊதும் நுரையை அடியுங்கள்; சாதாரண நுரை ஊதி நிலையை வளைத்துவிடும். வெளியே செங்கலுக்கும் நிலைக்கும் இடையிலுள்ள வெடிப்புக்குக் கோல்க் பூசலாம். செங்கற்சுவரின் அடியில் இடைவிட்டுத் தெரியும் சிறு துளைகளைத் தொடாதீர்கள். அவை தண்ணீர் வடிவதற்காக விட்டவை.

பேஸ்மென்றில் வாடகைக்கு இருப்பவர்கள் நிலையில் துளை போட முதல் வீட்டுக்காரரிடம் கேட்டுவிடுங்கள். துணிச்சுருளைக் கதவடியில் வைப்பது கெடுதலில்லை. ஆனால் பக்கவாசலைப் பிளாஸ்ரிக் விரித்து ரேப் ஒட்டி அடைக்கவே கூடாது. தீப்பிடித்தால் உங்களுக்கு வெளியேறும் வழி அதுதான்.

கதவை இறுக்கிய பிறகும் குளிர்ந்தால் மேல்மாடிக் கூரைக்குப் போகும் மூடியைப் பாருங்கள். சூடான காற்று அதனால் வெளியேற, அதன் இடத்தை நிரப்பக் கீழே வெளிக்காற்று இழுபடுகிறது. அந்த மூடியைச் சுற்றியும் ஒரு றப்பர் போட்டால் கீழே கதவடியில் வித்தியாசம் தெரியும்.

காற்று நுழையும் வழிகளை அடைத்த வீட்டில், குசினி விசிறி ஓடும்போது பழைய காஸ் தண்ணீர்ச் சூடாக்கியின் புகை வெளியே போகாமல் உள்ளே திரும்பி வரலாம். அந்தப் புகையில் இருக்கக்கூடிய கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. ஆகவே படுக்கையறைகளுக்கு வெளியே அதற்கான எச்சரிக்கைக் கருவி இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். பட்டனை அழுத்திச் சத்தம் வருகிறதென்று உறுதிசெய்த பிறகு கதவு வேலையில் கைவையுங்கள்.