கானாவில் படை ஆட்சியும் மக்களாட்சியும்



ராணுவம் ஆட்சியைப் பிடிக்க ஓர் இரவு போதும். அது பாசறைக்குத் திரும்பி அங்கேயே நிலைக்கப் பல ஆண்டுகள் ஆகும். மேற்கு ஆப்பிரிக்க நாடான கானாவின் வரலாறு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. 1966 முதல் 1981 வரையிலான காலத்தில் அங்கே ஐந்து முறை படையினர் ஆட்சியை மாற்றினார்கள்.

கானா 1957 மார்ச் 6 அன்று பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்றது. அதன் முதல் தலைவர் குவாமே நிக்ரூமா அகோசோம்போ அணையையும் தேமா துறைமுகத்தையும் உருவாக்கினார். ஆனால் விசாரணையின்றிச் சிறையில் அடைக்கும் சட்டம் 1958-இல் வந்தது. 1964-இல் கானா ஒரே கட்சி நாடானது. அதன்பின் வாக்குச்சீட்டால் அவரை மாற்ற வழியில்லை. ஏற்றுமதியின் முதுகெலும்பான கொக்கோவின் விலையும் சரிந்தது. தலைவரின் தனிக் காவற்படைக்குக் கிடைத்த சலுகைகளைக் கண்டு மற்றப் படையினர் புகைந்தார்கள். 1966 பிப்ரவரி 24 அன்று, ஹனோய் செல்லும் வழியில் நிக்ரூமா சீனாவில் இருந்தபோது, அவரது ஆட்சி கவிழ்ந்ததை வானொலி அறிவித்தது. தலைநகர் அக்ராவில் மக்கள் தெருவில் இறங்கிக் கொண்டாடினார்கள்.

ஆட்சியைப் பிடித்த தளபதிகள் 1969-இல் தேர்தல் நடத்தி, கோஃபி புசியாவிடம் ஆட்சியை ஒப்படைத்தார்கள். அவர் சிக்கன நடவடிக்கையாக அதிகாரிகளின் சலுகைகளைக் குறைத்தார். 1971 இறுதியில் செடி நாணயத்தின் மதிப்பையும் வெகுவாகக் குறைத்தார். மறு மாதமே, 1972 ஜனவரி 13 அன்று, கர்னல் அச்சாம்போங் அவரை வீழ்த்தினார். ஒருமுறை ருசி கண்ட படைக்கு இரண்டாம் முறை தயக்கம் இருப்பதில்லை.

அச்சாம்போங் காலத்தில் விலைவாசி விண்ணைத் தொட்டது, கள்ளச்சந்தை பெருகியது. 1978-இல் சக தளபதிகளே அவரை இறக்கித் தங்களுள் ஒருவரான அக்குஃபோவை ஏற்றினார்கள். 1979 ஜூன் 4 அன்று கீழ்நிலைச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்து, ஒரு கலக வழக்கில் விசாரிக்கப்பட்டு வந்த ஜெர்ரி ராலிங்ஸ் என்னும் விமானப்படை அதிகாரியை விடுவித்துத் தலைவராக்கினார்கள். அச்சாம்போங், அக்குஃபோ, அஃப்ரிஃபா ஆகிய மூன்று முன்னாள் ஆட்சித் தலைவர்கள் அதே மாதத்தில் சுட்டுக் கொல்லப்பட்டனர். தேர்தலில் வென்ற ஹில்லா லிமானிடம் செப்டம்பரில் ஆட்சியைக் கொடுத்த ராலிங்ஸ், 1981 டிசம்பர் 31 அன்று அதைத் திரும்பப் பறித்துக்கொண்டார்.

அடுத்த பதினோரு ஆண்டுகள் கட்சிகளற்ற ஆட்சி. 1983-இல் பன்னாட்டு நிதியத்தின் துணையோடு பொருளாதாரச் சீர்திருத்தம் தொடங்கியது. கடன் தரும் நாடுகளும் உள்நாட்டு எதிர்ப்பாளர்களும் மக்களாட்சி கேட்டு நெருக்கினர். 1992 ஏப்ரலில் மக்கள் வாக்கெடுப்பின் மூலம் புதிய அரசியல் சட்டம் ஏற்கப்பட்டது; நவம்பரில் நடந்த தேர்தலில் ராலிங்ஸே வென்றார்.

அச்சட்டத்தின் மூன்று ஏற்பாடுகள் கவனிக்கத்தக்கவை. ஒருவர் நான்காண்டு வீதம் இரு முறை மட்டுமே குடியரசுத் தலைவராகலாம். அரசியல் சட்டத்தைக் கவிழ்க்க முயல்வது கடும் தேசத்துரோகம். அம்முயற்சியை எதிர்ப்பது குடிமக்களின் உரிமையும் கடமையும் ஆகும். மூன்றாவது கசப்பானது: முந்தைய புரட்சிகளை நடத்தியவர்கள்மீது வழக்குத் தொடர முடியாது. நீதிக்கு அது குறைதான். ஆயினும் ஆட்சியாளர் பயமின்றி விலகிச் செல்ல அது வழிவிட்டது.

2001 ஜனவரி 7 அன்று ராலிங்ஸ் பதவி விலக, எதிர்க்கட்சியின் ஜான் குஃபோர் பொறுப்பேற்றார். 2008 தேர்தலின் இரண்டாம் சுற்றில் வென்றவருக்குக் கிடைத்தது 50.23 விழுக்காடு. அந்த நூலிழை வித்தியாசத்திலும் ஆட்சி அமைதியாகக் கைமாறியது. 2012 தேர்தல் முடிவை எதிர்த்தவர்கள் உச்ச நீதிமன்றம் சென்றார்கள். அந்த விசாரணையை நாடே தொலைக்காட்சியில் நேரடியாகப் பார்த்தது.

கடும் சோதனை 2022-இல் வந்தது. பணவீக்கம் 50 விழுக்காட்டைத் தாண்டியது. வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாமல் அரசு கைவிரித்தது. 1972-இல் இதைவிடச் சிறிய நெருக்கடியே படையை வரவழைத்தது. இம்முறை பாசறை அசையவில்லை. 2024 டிசம்பரில் மக்களே ஆளுங்கட்சியைத் தோற்கடித்தார்கள்.

மோசமான அரசை நீக்கச் சட்டத்தில் வழி இருக்கும்போது, துப்பாக்கி ஏந்தியவர் அந்த வேலையைச் செய்ய வேண்டியதில்லை. கானா இதைக் கற்க ஏறத்தாழ 35 ஆண்டுகள் ஆயின.